கண்ணை மூடிச் சுழன்றால் தலை சுற்றாது என்பது தவறு

"கண்களை மூடிக்கொண்டு சுழலுங்கள், தலை சுற்றாது. கதக் கலைஞர்களின் ரகசியம் இதுதான்" என்று ஒரு செய்தி நடன வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு. பழகாத பிள்ளைகள் செய்து பார்த்தால் விழுந்து அடிபடக்கூடும்.

தலை சுற்றுவதற்குக் காரணம் உள்காதின் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம். நாம் நின்ற பிறகும் அது சற்று நேரம் நகர்கிறது. கண்ணை மூடினால் திரவம் நிற்காது. சமநிலைக்கு உதவும் பார்வையைத்தான் இழக்கிறோம்.

வட இந்திய நடனமான கதக்கின் சுழற்சியான சக்கரிலும், ஐரோப்பிய நடனமான பாலேயின் சுழற்சியான பிரூவெட்டிலும் கண்கள் திறந்தே இருக்கும். எதிரே ஒரு புள்ளியைப் பார்த்தபடி உடல் திரும்பும், தலை கடைசியில் சட்டென்று திரும்பி அதே புள்ளிக்கு வரும். வேறுபாடு பாதத்தில்: கதக்கில் குதிகாலை ஊன்றிச் சுழல்வார்கள், பாலேயில் முன்பாதத்தை ஊன்றி. ஒன்றில் பழகியவர் மற்றதற்குப் போகும்போது தடுமாறுவது பெரும்பாலும் இதனால்தான். அவர்கள் எடை விழும் இடத்தை முதலில் சரிசெய்ய வேண்டும். பரதத்துக்கும் சுழற்சி புதிதல்ல, அபிநய தர்ப்பணம் என்ற பழைய நாட்டிய நூல் ஏழு பிரமரிகளை, அதாவது சுழற்சிகளைச் சொல்கிறது.

அப்புறம், தலைசுற்றல் குறைவது பயிற்சியால். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 29 பாலே கலைஞர்களையும் 20 படகு வீராங்கனைகளையும் ஒப்பிட்டு, கலைஞர்களின் மூளை அந்த உணர்வை அடக்கப் பழகியிருப்பதைக் கண்டார்கள். 2013இல் 'செரிப்ரல் கார்டெக்ஸ்' இதழில் அது வெளியானது, தேடிப் படிக்கலாம். கதக் காணொளி ஒன்றை மெதுவாக ஓடவிட்டாலும் தலை திரும்பும் விதம் தெரியும்.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போட்டுவிடுங்கள்.