ஒற்றைக் கையுறை

(கனடாவின் வடகோடி, எல்ஸ்மியர் தீவு, யுரேகா வானிலை நிலையம். ஜூன் மாதம், இரவு 11 மணி. ஆகஸ்ட் கடைசி வரை சூரியன் மறையாது என்பதால் வெயில் பளீரென்று அடிக்கிறது. சமையல்காரர் ஜார்ஜ் குப்பைப் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருக்கிறார். வேலைக்குப் புதிதாக வந்த கெவின் வருகிறான்.)

ஜார்ஜ்: எங்கேப்பா கிளம்பிட்டே?

கெவின்: சும்மா ஒரு நடை. ஓநாய் வந்தால் ஓடிவிடலாம் என்று லேசான ஷூவாகப் போட்டிருக்கிறேன்.

ஜார்ஜ்: அது வேகமெடுத்தால் மணிக்கு 60 கிலோமீட்டர். நீ?

கெவின்: காற்று பின்னால் தள்ளினால்... 12.

ஜார்ஜ்: ஓடினால் உன்னை முயல் என்று நினைத்துக்கொள்ளும். அதன் முகத்தைப் பார்த்து நில். கையைத் தூக்கிச் சத்தம் போடு. முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்கு. கஸ்தூரி எருதுகள் என்ன செய்கின்றன? கன்றுகளை நடுவில் விட்டு, கொம்பை வெளியே நீட்டி வட்டமாக நின்றுவிடும். சிதறி ஓடினால்தான் ஓநாய்க்கு விருந்து.

கெவின்: நான் ஒருத்தன் எப்படி வட்டமாக நிற்பது?

ஜார்ஜ்: அதற்குத்தான் தனியாகப் போகாதே என்கிறேன்.

கெவின்: இங்குள்ள ஓநாய்க்கு மனிதர்களிடம் பயமே இல்லையாமே? டேவிட் மீச் என்ற விஞ்ஞானி 1986 முதல் எத்தனையோ கோடைகாலம் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆராய்ந்தாராம்.

ஜார்ஜ்: அவர் ஓநாயைப் படித்தவர், நீ காற்றழுத்தம் படித்தவன். பயமில்லாததெல்லாம் சிநேகிதம் ஆகிவிடுமா? தள்ளாடிக்கொண்டு வந்தால் இன்னும் மோசம், வெறிநோயாக இருக்கும். நரிகளிடமிருந்து தொற்றுவது. கதவைச் சாத்திக்கொள். ஆமாம், சட்டைப் பையில் என்ன?

கெவின்: ஒன்றுமில்லையே.

ஜார்ஜ்: ஒன்றுமில்லாததிலிருந்து பேக்கன் வாசனை வருகிறது. காலையில் நான் வறுத்தது.

கெவின்: ஒரே ஒரு துண்டு. போட்டோவுக்கு.

ஜார்ஜ்: இன்றைக்குத் துண்டு போடுவாய், நாளைக்கு அது என் சமையலறை வாசலில் நிற்கும். அப்புறம் அதைச் சுட வேண்டி வரும். எடு வெளியே!

(கெவின் கையுறைகளைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டுப் பையைக் காலி செய்கிறான். நான்கு துண்டுகள்.)

கெவின்: ஐயோ, இடது கையுறையைக் காணோம்!

ஜார்ஜ்: அதோ, வெள்ளையாக ஒருத்தர் கவ்விக்கொண்டு போகிறார் பார்.

கெவின்: பிடியுங்கள்!

ஜார்ஜ்: எதற்கு? போன கோடையில் என்னுடைய வலது போனது. இடது சும்மாதான் கிடக்கிறது, போட்டுக்கொள்.

கெவின்: என்ன நிறம்?

ஜார்ஜ்: ரோஸ். பூ வேலையெல்லாம் என் மனைவி கைப்பட.