பழைய ராணுவ லாரி: வாட்ஸ்அப் சொல்வதும் சட்டம் சொல்வதும்

'ராணுவம் கழித்த ஸ்டாலியன் லாரியை அடிமாட்டு விலைக்கு வாங்கலாம். ஆர்சி வேண்டாம், ராணுவ எண்பலகையில் இருக்கும் அம்புக்குறி எண்ணே போதும். பின்னால் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு லடாக் போகலாம்' என்று ஒரு செய்தி படத்தோடு சுற்றுகிறது. லாரி ஏலத்துக்கு வருவது மட்டும் உண்மை.

அம்புக்குறி எண் ராணுவப் பயன்பாட்டுக்கு மட்டும் உரியது. வண்டி மத்திய அரசின் கையைவிட்டுப் போனதும் அதைப் புதிதாகப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 60. இஷ்டப்படி உருமாற்றுவதைத் தடுப்பது பிரிவு 52. சட்டத்தின் முழு வாசகமும் அரசின் 'இந்தியா கோட்' தளத்தில் இருக்கிறது. ஏலங்களைப் பொதுத்துறை நிறுவனமான எம்எஸ்டிசியின் தளத்தில் பார்க்கலாம். செய்தியில் உள்ள கைபேசி எண்ணுக்கு முன்பணம் அனுப்ப வேண்டாம். ஏலத்தில் வண்டி 'உள்ளது உள்ளபடி'தான் கிடைக்கும். பதிவு கிடைக்குமா என்று ஆர்டிஓ அலுவலகத்தில் முதலில் கேளுங்கள்.

கார் உரிமமும் போதாது. இலகுரக வாகனத்தின் எல்லை 7,500 கிலோ. ஸ்டாலியன் அதைத் தாண்டும்.

படத்தில் இருக்கும் 'வீடு' இன்னும் வேடிக்கை. மேடுபள்ளத்தில் லாரியின் சேசிஸ் (அடிச்சட்டம்) முறுக்கிக்கொள்ளும். வீடாகும் பெட்டியை அதன்மீது நேரே போல்ட் போட்டு இறுக்கினால் மூலைகளில் வெல்டிங் விட்டுவிடும். அதனால்தான் முறையாகச் செய்பவர்கள் மூன்று அல்லது நான்கு புள்ளிகளில் அசைந்துகொடுக்கும் தாங்கிகள்மீது பெட்டியை அமர்த்துகிறார்கள். படத்தில் அப்படி எதையும் காணோம்.

இந்தச் செய்தி வந்தால் யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுங்கள், அனுப்பியவருக்கும் சொல்லிவிடுங்கள்.