நேச்சுரலிஸ்டிக் ஃபேலசியும் நல்ல திருடனும்

"இது நேச்சுரலிஸ்டிக் ஃபேலசி" (இயற்கைவாதப் பிழை) என்று ஒற்றை வரி கமெண்ட் போட்டுவிட்டு, விவாதம் முடிந்தது என்று கிளம்பிவிடுகிறவர்களுக்காக இந்தப் பதிவு. அவர்களில் பெரும்பாலோர் சொல்ல வருவது, "இயற்கையாக இருப்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது" என்பதைத்தான். சரியான பேச்சு, தாய்ப்பாலும் இயற்கை, அரளி விதையும் இயற்கை. ஆனால் 1903-இல் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜி.இ. மூர் அந்தப் பெயரை வைத்தது இதற்கு இல்லை. 'நல்லது' என்பதை வேறு எதைக் கொண்டு வரையறுத்தாலும் பிழை என்றார் அவர். இன்பம் என்றாலும் பிழை, பரிணாமத்தில் மேலே வந்தது என்றாலும் பிழை, கடவுளின் விருப்பம் என்றாலும் அதே பிழை. கடவுளில் இயற்கை எங்கே வந்தது?

இன்னொரு குழப்பமும் உண்டு. கைமாற்றாக வாங்கிய 5,000 ரூபாயை ஏன் திருப்பித் தரவேண்டும்? விளைவைப் பார் என்பார் மில். எல்லோரும் இப்படி ஏமாற்றலாம் என்பதைப் பொது விதியாக்கிப் பார், கடன் என்ற ஏற்பாடே நிற்காது என்பார் கான்ட். நேர்மையான மனிதன் என்ன செய்வான் என்று கேட்பார் அரிஸ்டாட்டில். இது ஒரு தளம். அந்த 'வேண்டும்' என்பது உலகத்தைப் பற்றிய ஒரு உண்மையா, அறிவியல் தொடுகிற மாதிரியான உண்மையா என்பது அடுத்த தளம். அறமும் அறிவியல் தொடுகிற மாதிரியான இயற்கை உண்மைதான் என்பது இயற்கைவாதம். அதைப் பற்றிய சண்டை முழுக்க இரண்டாவது தளத்தில் நடப்பது. பயன்வாதி (மில்லைப் போல, விளைவின் பயனை வைத்துச் சரி தவறை அளப்பவர்) என்றால் இயற்கைவாதி என்று நினைக்கவேண்டாம். மூரே விளைவுகளை வைத்துத்தான் செயலை அளந்தார். அறக்கூற்றுகள் உண்மைகளை விவரிப்பவையே அல்ல, ஒருவகைக் கட்டளைகள் என்ற ஆர்.எம். ஹேரும் பயன்வாதிதான்.

மூரின் சோதனையைச் செய்து பார்க்கலாம். 'நல்லது என்றால் இன்பம் தருவது' என்று ஒரு வரையறையை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது கேளுங்கள்: "இது இன்பம் தருகிறது, ஆனால் நல்லதா?" அர்த்தமுள்ள கேள்வி. பக்கத்திலேயே இதையும் வையுங்கள்: "இவன் பிரம்மச்சாரி, ஆனால் கல்யாணம் ஆகாதவனா?" கேட்டால் சிரிப்பார்கள். முதல் கேள்வி திறந்தே கிடப்பதால் இரண்டும் ஒன்றில்லை என்பது மூரின் முடிவு.

இந்தச் சோதனை ஒழுகுகிறது. தண்ணீர் ஒரு சேர்மம் என்பது 1780களில், கேவண்டிஷ், லாவோசியே காலத்தில்தான் தெளிவானது. அதற்கு முன் மொழியைக் கரைத்துக் குடித்தவருக்கும் "இது தண்ணீர், சரி, ஆனால் சேர்மமா?" என்பது திறந்த கேள்விதான். அதனால் தண்ணீர் ஹெச்2ஓ இல்லை என்றாகிவிடுமா? இரண்டு சொற்களின் அர்த்தம் வேறாக இருக்கலாம், அவை குறிக்கிற வஸ்து ஒன்றாக இருக்கலாம். சோதனை முதலாவதை மட்டுமே பிடிக்கும். இந்தத் தண்ணீர் வாதம் வருவதற்கு முன்பே, 1939-இல், தத்துவவாதி ஃபிராங்கேனா மூரிடம் வேறொரு ஓட்டையைக் காட்டிவிட்டார்: நிரூபிக்கவேண்டியதை முன்கூட்டியே எடுத்துக்கொண்டால்தான் அதைப் பிழை என்றே சொல்ல முடியும்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தை ஒட்டி உருவான இயற்கைவாதக் குழுவின் ரிச்சர்ட் பாய்ட் இந்தத் தண்ணீர் வழியில்தான் போனார். நன்மையை ஆரோக்கியம் மாதிரிப் பாருங்கள். ஆரோக்கியத்தைக் காட்ட ஒரே மீட்டர் கிடையாது. தூக்கம், பசி, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் ஒரு கொத்து அது. ஒன்று சரிந்தால் மற்றவையும் சரியும். ஆனாலும் இயற்கையானதுதான். நட்பு, பாதுகாப்பு, பரஸ்பர மதிப்பு ஆகியவை சேர்ந்த கொத்துதான் நன்மை. 'நல்லது' என்ற சொல்லின் புழக்கத்தைக் காலப்போக்கில் எது ஒழுங்குபடுத்தி வருகிறதோ, அதையே அந்தச் சொல் குறிக்கிறது.

எனக்குப் பிடித்த வாதம். ஆனால் உண்மையான அடி இங்கேதான் விழுகிறது. மூரிடமிருந்து இல்லை, 1990களின் தொடக்கத்தில் ஹோர்கன், டிம்மன்ஸ் என்ற இரு தத்துவவாதிகளிடமிருந்து. அச்சு அசலாக இன்னொரு பூமி. அங்கே ஆற்றில் ஓடுவது வேறொரு திரவம், அதையும் 'தண்ணீர்' என்கிறார்கள். நமக்கும் அவர்களுக்கும் சண்டை வராது. ஓசை ஒன்று, சொல் இரண்டு. இனி 'தண்ணீர்' இருந்த இடத்தில் 'நல்லது' என்று போடுங்கள். இங்கே அந்தச் சொல்லை ஒழுங்குபடுத்துவது விளைவுகள், அங்கே கடமைகள். ஐந்து பேரைக் காப்பாற்ற ஒருவரைப் பலிகொடுக்கலாம் என்கிறோம், கூடாது என்கிறார்கள். பாய்டின் கணக்குப்படி இதுவும் இரண்டு சொல்தான், கருத்து வேறுபாடே இல்லை. கேட்கிற எவருக்கும் அப்படித் தோன்றாது.

இந்த அடி படாத இயற்கைவாதம் ஒன்று உண்டு. பீட்டர் கீச் 1956-இல் கவனித்தது: 'சிவப்புக் கார்' என்றால் அது சிவப்பு, அது கார் என்று பிரிக்கலாம். 'நல்ல திருடன்' என்பதைப் பிரித்துப் பாருங்கள். திருடன், மேலும் நல்லவன் என்று வராது. 'நல்ல' என்பது பின்னால் வரும் பெயரைப் பிடித்துக்கொண்டே நிற்கும். (நல்ல பாம்பை இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டாம்.) ஃபிலிப்பா ஃபுட் 2001-இல் இதை உயிர்கள்வரை நீட்டினார். மரத்துக்கு நல்ல வேர் எது என்பதை அந்த மரத்தின் வாழ்முறை சொல்லும். கூட்டத்தோடு வேட்டைக்கு வராமல் தின்ன மட்டும் வரும் ஓநாய் குறையுள்ள ஓநாய். வாக்குத் தவறும் மனிதனும் அப்படியே.

நான் இந்தப் பக்கம்தான் சாய்கிறேன். இதிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. ஓநாய் தன் இனத்தின் வாழ்முறையை எதிர்த்துக் கேள்வி கேட்காது, மனிதன் கேட்பான். பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுப்பவரிடம் குறை இருக்கிறதா? இல்லை என்கிறார் ஃபுட். மனித நன்மை இனப்பெருக்கத்தோடு முடிவதில்லை என்பது காரணம். அப்படியானால் எது மனித வாழ்முறை, எது இல்லை என்று பிரிக்கும்போது அறத்தை முன்பே உள்ளே வைத்துக்கொண்டுதானே பிரிக்கிறோம்? அவரை மறுக்க நினைப்பவர்கள் இந்த இடத்தில் கை வைக்கட்டும்.