ஒடியா பேச்சுணரி: இரண்டு திருத்தங்கள்

"ஒடியா வங்காளத்தின் கிளை வழக்கு, வங்காளப் பேச்சுணரியே (பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருளே) போதும், பேசியவர் யார் என்றும் அதுவே சொல்லிவிடும்" என்று ஒரு பதிவில் எழுதியிருக்கிறார்கள். இரண்டுமே தவறு.

ஒடியா தனிமொழி, 2014இல் செம்மொழித் தகுதியும் பெற்றது. வீட்டுக்கு வங்காளத்தில் 'கொர்', ஒடியாவில் 'கொரொ'. சொல்லின் கடைசி உயிரை ஒடியா விடுவதில்லை. நம் ளகரம் ஒடியாவில் உண்டு, வங்காளத்தில் இல்லை. இந்த ஒலிகளை வங்காளப் பதிவுகளில் மட்டும் பழகிய மென்பொருள் எங்கே கற்கும்? மேற்கு ஒடிசாவில் பேசப்படும் சம்பல்புரியையும் சேர்த்தால் சிக்கல் இன்னும் கூடும்.

அடுத்து, என்ன பேசினார் என்பதை எழுத்தாக்குவது ஒரு வேலை, யார் பேசினார் என்பது வேறு வேலை. முன்னது ஆளுக்கு ஆள் மாறும் குரல் வேறுபாட்டை ஒதுக்கப் பார்க்கும். பின்னதற்கு அந்த வேறுபாடுதான் மூலதனம். ஒலியிலிருந்து எடுக்கும் அளவுகள் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒன்றேயானாலும், பயிற்சி வேறு. ஆளை அடையாளம் காண அவருடைய குரல் மாதிரி முன்பே பதிவாகியிருக்க வேண்டும்.