இருபது அடி குழாய் இல்லை

மூண்டு கிழமைக்கு முந்திக் காசு கட்டி, துண்டு வாங்கி, நாள் குறிச்சு, இண்டைக்கு விடிய ஆறு மணியிலை இருந்து ஒழுங்கை முகப்பிலை நிண்டனான். குழி எடுக்கிற பவுசர் வந்தது பத்தரைக்கு. எனக்கில்லை, பக்கத்து வீட்டு மாமிக்கு. கார்த்திகை மழைக்கு அவவின்ரை கக்கூஸ் குழி நிரம்பி, மூடிக்குள்ளாலை முத்தத்துக்கு வரத் தொடங்கி இண்டையோடை அஞ்சு நாள்.

எங்கடை ஒழுங்கைக்குள்ளை ஓட்டோ போறதே கஷ்டம். பவுசர் றோட்டிலை நிண்டுது. சரியெண்டு குழாயை இழுத்தினம். ஒரு துண்டு, ரெண்டாம் துண்டு, மூண்டாம் துண்டு, பூட்டிப் பூட்டி இழுக்கினம். என்ரை படலை தாண்டியாச்சு. மாமியின்ரை தகர வேலி தாண்டியாச்சு. கிணத்தடிக்கு வந்து நிண்டுட்டுது. அங்கையிருந்து குழிக்கு இருபது அடி. நான் அடிவைச்சு அளந்து காட்டினன். "இன்னொரு துண்டு இருந்தது, வெடிச்சுப் போச்சு அண்ணை, புதுசுக்குக் காசு ஒதுக்கேல்லை" எண்டான் அந்தப் பெடியன். அவனிலை பிழை இல்லை. கையுறைகூட இல்லாமல் நிண்டவன். சுருட்டேக்கை குழாயிலை கிடந்த மிச்சம் கிணத்துக்கட்டிலை வடிஞ்சுது. மாமி ஒண்டும் பேசேல்லை. வாளியிலை தண்ணி அள்ளிக் கழுவினா. எந்தக் கிணத்திலை இருந்து அள்ளினா? அதே கிணத்திலை இருந்துதான்.

பவுசர் அனுப்பின கந்தோருக்குப் போன் எடுத்தால், ஒழுங்கையை அகலமாக்கச் சொல்லுகினம். ஒண்டரைப் பரப்புக் காணியிலை மூண்டு குடும்பம் இருக்குது. எதை இடிக்கிறது? அடுப்படியையா?

யாழ்ப்பாணத்திலை வருசம் முழுக்க ஓடுற ஆறில்லை. மாரியிலை பெய்யிறது சுண்ணாம்புக் கல்லுக்குள்ளை இறங்கி நிக்குது, அதைத்தான் கோடை முழுக்கக் குடிக்கிறம். அந்தக் கல்லு முழுக்க வெடிப்பும் பொந்தும். மேலை மதில் கட்டலாம், கீழை கட்டேலாது. மாமியின்ரை குழி என்ரை கிணத்துக்கு வரும், அங்கையிருந்து மாடிவீட்டுக்காரற்றை கிணத்துக்கும் போகும். தோட்டத்து உரமும் மலக்குழியும் சேர்ந்து எங்கடை கிணறுகளிலை நைத்திரேற்றைக் கூட்டிப்போட்டுது எண்டு எத்தினை வருசமாய் ஆய்வுகள் சொல்லுது! உலக சுகாதார நிறுவனம் வைச்ச எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கொதிக்க வைச்சாலும் அது போகாது. கைக்குழந்தையின்ரை ரத்தம் ஒட்சிசன் காவுறதையே கெடுக்கிற சாமான்.

2010இலை ஆசிய அபிவிருத்தி வங்கி அங்கீகரிச்ச யாழ்ப்பாணம் கிளிநொச்சித் திட்டத்தின்ரை பேரிலேயே நீர் வழங்கலும் இருக்கு, கழிவகற்றுற சுகாதாரமும் இருக்கு. கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணி எண்டு தொடங்கிச்சினம், கிளிநொச்சி விவசாயிகள் மறுத்தினம், கடைசியிலை தாளையடியிலை கடல்தண்ணியை நன்னீராக்கிற நிலையத்தை 2024 ஓகஸ்டிலை திறந்தினம். நாளுக்கு 24,000 கன மீற்றர். நல்ல விசயம், வேணும். ஆனால் வீட்டுக்குள்ளை வாற தண்ணியிலை பெரும்பங்கு அழுக்காய் வெளியிலை போகத்தானே வேணும்? நகரம் முழுக்க ஓடுற கழிவுக் குழாய் எங்களுக்கு இல்லை. குழாய்த்தண்ணி கூட வர வர மாமியின்ரை குழி இன்னும் கெதியாய் நிரம்பும். வாற தண்ணிக்குப் பொதுக்காசு, போற கழிவுக்கு அவரவர் காசு எண்டால், கருவாடு போட்டுச் சீவிக்கிற மனிசி எங்கை போறது? குழி அவவின்ரை. கீழை ஓடுற தண்ணி எல்லாற்றையும். எல்லாற்றை வரிக்காசும் அந்தக் குழிக்குள்ளை இறங்கத்தான் வேணும். அதைப் பிச்சை மாதிரி ஒருத்தரும் அவவுக்குக் குடுக்கத் தேவையில்லை.

பின்னேரம் தேத்தண்ணி கொண்டு போனன். வேண்டாமெண்டுட்டா. ரெண்டு மணிக்குப் பிறகு ஒண்டும் குடிக்கிறேல்லையாம், இரவிலை மகள் வீட்டுக் கக்கூசுக்கு அந்த இருட்டுக்குள்ளாலை நடக்கப் பயமாம். ஒழுங்கை லைற்றும் வைகாசியிலை இருந்து எரியேல்லை. அதுக்கும் நான்தான் மூண்டு தரம் எழுதிக் குடுத்தனான்.