தாய் தகப்பன் படிக்காவிட்டால் பிள்ளைக்கு வாசிப்பு வராதா?

திருகோணமலைப் பெற்றோர் குழுக்களில் ஒரு வட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது: “எழுத்து வாசிப்பு அறியாத வீட்டுப் பிள்ளைக்கு வாசிப்பு சரிவராது, ரியூஷன்தான் ஒரே வழி.” இது தவறு. பெற்றோரின் படிப்புக்கும் பிள்ளையின் வாசிப்புக்கும் தொடர்பு உண்டு. ஆனால் அது பிள்ளையின் தலைவிதியைத் தீர்மானிப்பதில்லை.

வாசிப்புக்கு முதல் பயிற்சி காதுக்குத்தான். மீன் வெட்டும்போது “பா என்று தொடங்கும் மீன் சொல்லு” என்றால் பாரை வரும். “சூ” என்றால் சூடை. சொல்லைத் தனித்தனிச் சத்தங்களாகப் பிரித்துக் கேட்கும் இந்தப் பழக்கத்தைக் கொடுக்கத் தாய்க்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியவேண்டியதில்லை. கதையும் அப்படியே. நாங்கள் பேசுவது ‘வந்திட்டார்’, புத்தகத்தில் இருப்பது ‘வந்துவிட்டார்’. அம்மம்மாவின் கதைகளையும் திருக்கோணமலைமேல் சம்பந்தர் பாடிய தேவாரத்தையும் கேட்டு வளரும் பிள்ளைக்கு ஏட்டுத் தமிழ் அந்நியமாக இராது.

பள்ளிக்கூடம் செய்யவேண்டிய பங்கும் பெரிது. 247 எழுத்தையும் வரிசையாக ஒப்புவிக்கும் பிள்ளை ‘கொடி’யில் தடுமாறலாம். ‘கொ’வில் கொம்பு (ெ) முன்னால், அரவு (ா) பின்னால், சத்தம் ஒன்று, பிள்ளை ‘கெ’ என்று வாசித்துவிட்டு அரவில் நின்றுவிடும். கொடி, கொடு, கொக்கு எனச் சொல்லுக்குள் வைத்தே பழக்கவேண்டும்.

வாசிக்கத் தெரியாத பெற்றோர் இரவில் பத்து நிமிடம் பிள்ளையைச் சத்தமாக வாசிக்கவிட்டு, “பிறகு என்ன நடந்தது?” என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், பிள்ளை எழுத்தை மட்டும் கூட்டியிருக்கலாம், பொருள் ஏறவில்லை. அதே பந்தியைத் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். வரியைத் தவறவிட்டோ புத்தகத்தை மூக்கருகே பிடித்தோ வாசித்தால், ரியூஷனுக்கு முதல் கண் வைத்தியரிடம் காட்டுங்கள்.