உப்புத் தண்ணீரில் மருந்து கரைந்து போகுமா?

"கடல் தண்ணீர் மாதிரி உப்புக் கரைத்து மரக்கறியை ஊறவையுங்கள், அடித்த மருந்து முழுக்கக் கரைந்து போய்விடும்." நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இது. தவறான தகவல்.

பூச்சிமருந்தெல்லாம் தண்ணீரில் ஒரே மாதிரி கரைவதில்லை. களைகொல்லி கிளைபோசேட் ஒரு லீற்றரில் சுமார் 10 கிராம் கரையும். பூச்சிகொல்லி குளோர்பைரிபோஸோ 2 மில்லிகிராம்கூடக் கரையாது. எண்ணெய்த்தன்மை உள்ள பொருள். இந்த வகை மருந்துக்கு உப்பு உதவாது, தடைதான் போடும். கரைந்த உப்பு தண்ணீரின் மூலக்கூறுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் மருந்துக்கு இடம் குறைகிறது. லீற்றருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீரில் இவை நன்னீரைவிடக் குறைவாகவே கரையும்.

சரி, ஊறவைத்த பிறகு கொஞ்சம் குறைகிறதே என்றால், அது கழுவியதன் பலன். பீலித் தண்ணீரே அதைச் செய்யும். லீக்ஸை நீளவாக்கில் கீறி, இதழிதழாக விரித்துப் பாருங்கள். மண் சிக்கியிருக்கும் அந்த மடிப்புகளில்தான் மருந்தும் தங்கும். ஓடும் தண்ணீரில் விரலால் தேய்த்துக் கழுவுங்கள். கோவாவின் வெளி இலைகளைக் கழித்துவிடுங்கள், கரட்டைத் தோல் சீவுங்கள்.

செடி உறிஞ்சி உள்ளே எடுத்துக்கொண்ட மருந்தை எந்தத் தண்ணீரும் கழுவாது. இமிடாகுளோப்ரிட் அந்த ரகம். அதற்கு வழி தோட்டத்திலேயே இருக்கிறது: மருந்தடித்த பின் போத்தலில் எழுதியிருக்கும் நாட்கள் முடியும்வரை அறுவடை செய்யாதீர்கள். பிள்ளைகள் சாப்பிடுகிற மரக்கறி, அந்த நாட்களைத் தயவுசெய்து குறைக்காதீர்கள்.